மூன்றாம் லாட்டில் விழுந்த முடிச்சு

“முதலாளி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் ஆனி மாதமே தவறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆனால் போன வாரம் உங்கள் கடையில் வாங்கிய விதை மூட்டையில் உங்கள் முடிச்சு இருக்கிறது. அட்டையில் லாட் மூன்று என்று எழுதியிருக்கிறது. முடிச்சின் வால் இன்னும் காயவில்லை. திங்கட்கிழமை ஊறப்போட வேண்டும். புதன்கிழமை எங்கள் வாய்க்காலுக்கு முறைத் தண்ணீர் வருகிறது. இந்த விதையை விதைக்கலாமா, கூடாதா? பதில் யார் போட்டாலும் சரி.”

இந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் தேதி மேலே இருக்கிறது. அந்தத் தேதியை இங்கே எழுதவில்லை. கடை இன்னும் நடக்கிறது. தேதியை வைத்துக்கொண்டு கடையைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் தஞ்சாவூரில் இருக்கிறார்கள்.

எழுதியவர் செல்லம்மாள். காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவே, திருவையாற்றுக்கு அக்கரையில் உள்ள ஒரு சிற்றூர்க்காரர். அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதியிருக்கிறாள். கையெழுத்து கல்லூரிக் கையெழுத்து. கீழே பெயரை மட்டும் செல்லம்மாளே போட்டிருக்கிறார், ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவே இடம் விட்டு.

அதற்கு முன் கடைக்கு இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். எடுத்த விற்பனைப் பெண், முடிச்சு இருந்தால் நல்ல விதைதான் என்று சொல்லி வைத்துவிட்டாள். செல்லம்மாளுக்கு அது போதவில்லை. அதனால் இறந்தவருக்கே எழுதிவிட்டார்.

சனிக்கிழமை முற்பகலில் மினிபஸ் ஓட்டுநர் கொண்டுவந்து கொடுத்தார். கிடங்குக்காரர் காளியப்பன் உறைமேல் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, பழக்கத்தில், அதை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மேசைக்குப் பின்னால் நாற்காலி காலியாக இருந்தது. அதில் அதுவரை யாரும் உட்காரவில்லை.

இரண்டு வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் மயிலாடுதுறைப் பயணம் ஒன்றைப் பற்றி எழுதியபோது கிழமையைத் தவறாகப் போட்டுவிட்டேன். வியாழன் அல்ல, புதன். சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி. இந்த வாரம் அப்படி நேரக் கூடாது என்று குறிப்பேட்டை மூன்று முறை புரட்டிவிட்டேன். அப்படியும் ஒன்று மிஞ்சுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாதி விரலின் வேலை

நான் அந்த விதைநெல் கடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் முளைப்புப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டவன். கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ‘முடிச்சுக் கடை’ என்பார்கள்.

முதலாளி தங்கராசுவுக்கு இடக்கைச் சுட்டுவிரல் பாதிதான். மீதியை இளவயதில் கதிரடிக்கும் இயந்திரம் எடுத்துக்கொண்டது.

விதைநெல் வந்ததும் லாட் லாட்டாக, தொகுதி தொகுதியாகப் பிரித்து அடுக்குவோம். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் நூறு மணி எண்ணி, ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் வைப்போம். அந்த அறைக்குள் எப்போதும் ஊறிய நெல்லின் புளிப்பு வாசனை. ஐந்தாம் நாள் ஒரு எண்ணிக்கை, எட்டாம் நாள் ஒரு எண்ணிக்கை. அரசுச் சோதனைக்கு நாள் கணக்கு வேறு. அது தனியாக நடக்கும். எட்டு நாள் என்பது அவருடைய சொந்தக் கணக்கு.

எட்டாம் நாள் லாட் தேறினால்தான் கிடங்குக்குள் போவார். ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசியைச் செலுத்தி, ஒரு சிட்டிகை நெல்லை எடுத்து மோந்து பார்ப்பார். பிடித்திருந்தால் மூட்டை வாயில், அட்டையோடு சேர்த்து, வெள்ளை நூலில் ஒரு முடிச்சு. பிடிக்காத மூட்டையைத் தாண்டிப் போய்விடுவார். காரணம் சொல்லமாட்டார்.

பாதி விரலால் நூலைப் பிடித்ததால் அந்த முடிச்சு எல்லோரும் போடுவது போல வலப்பக்கம் விழாமல் இடப்பக்கம் புரண்டு படுத்திருக்கும். நூல் நுனியை வாயில் ஈரப்படுத்திக்கொள்வார். நாள் முழுவதும் வெற்றிலை மெல்லும் வாய். ஒவ்வொரு முடிச்சின் வாலும் சிவந்திருக்கும்.

எதிர்வரிசையில் ஒரு பெரிய கம்பெனியின் கடை வந்தது. பளபளக்கும் பை, குளிரூட்டிய அறை, ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு பிளாஸ்டிக் வாளி இலவசம். எங்களிடம் வாளி கிடையாது. வேறு சிலர் எங்கள் அட்டையையும் நூலையும் அப்படியே போட்டு விற்றுப் பார்த்தார்கள். விவசாயிகள் முடிச்சைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது விரல் முழுசா இருக்கறவன் போட்டது என்று சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள்.

கூத்தாநல்லூர்ப் பக்கத்திலிருந்து யூசுப் பாய் என்று ஒரு வாடிக்கையாளர். மலேசியாவில் இருந்தார். இங்கே அவருடைய நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் விதை வாங்கியதும் முடிச்சைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். அங்கே அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ‘விதைங்க’ என்று ஒரே சொல் அனுப்புவார். நெல்லைப் படம் எடுக்கச் சொன்னதே இல்லை.

மற்ற கடை விதை என்றால், விவசாயிகள் ஒரு கைப்பிடியை ஈரத் துணியில் கட்டி வைத்து, இரண்டு நாள் பொறுத்து முளையைப் பார்த்த பிறகுதான் மூட்டையை ஊறப்போடுவார்கள். முடிச்சு இருந்தால் அந்தச் சோதனை இல்லை. மூட்டையை அப்படியே தொட்டியில் கவிழ்ப்பார்கள். வியாபாரத்தில் நற்பெயர் என்பதைப் பற்றிப் பல புத்தகங்கள் படித்திருக்கிறேன். எங்கள் கடையில் அதற்குப் பொருள் அந்த இரண்டு நாள்தான். வாளி கொடுத்தவர்களால் அந்த இரண்டு நாளைக் கொடுக்க முடியவில்லை.

அது சும்மா வந்ததல்ல. ஒரு வருஷம் அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. எட்டாம் நாள் துணியைப் பிரித்தால் பாதி மணி கண் திறக்கவில்லை. தங்கராசு உடனே லாரி வரச் சொன்னார். சம்பா விற்பனை உச்சத்தில் இருந்த நாள், வாசலில் கூட்டம். எல்லோரும் பார்க்க அந்த லாட் முழுவதும் கோழித்தீவனத்துக்கு ஏறியது. கடையில் ‘விதை இல்லை’ என்று அட்டை தொங்கியது. அந்த ஆண்டு எல்லோரும் எதிர்க்கடைக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு எங்கள் வாசல் வரிசை தெருமுனை திரும்பி நின்றது.

ஐந்தாம் நாள்

அவர் இறந்தது ஆனி மாதத்தில். மூன்றாம் லாட்டின் ஐந்தாம் நாள், காலை பதினொன்றரை மணி இருக்கும்.

நான் துணியைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

“பாக்கி எங்க, தம்பி?” என்றார்.

முளைக்காத மணிகளைத்தான் கேட்டார். அவற்றைத் தனியே ஒதுக்கி எடுத்துக்கொண்டு திரும்பினேன். நாற்காலியில் சாய்ந்திருந்தார். கை பதிவேட்டின்மேல் இருந்தது. வாயில் வெற்றிலை இருந்தது.

அன்று மாலை கிடங்கைப் பூட்டும் முன், பழக்கம் விடாமல், ஒரு சுற்று வந்து எழுதிக்கொண்டேன். முதல் இரண்டு லாட்டிலும் முடிச்சு உண்டு. மேற்குச் சுவரை ஒட்டிய மூன்றாம் லாட், முப்பது மூட்டை, ‘முடிச்சு ஒன்றும் இல்லை’. இப்படியே குறிப்பேட்டில் இருக்கிறது. நேரமும் போட்டிருக்கிறேன்.

பதிவேட்டில் மூன்றாம் லாட்டுக்கு எட்டாம் நாள் கட்டம் வெறுமையாக நின்றது.

கடை அவருடைய மகள் மங்கையிடம் வந்தது. சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தவள். விட்டுவிட்டு வந்தாள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள். இனி முடிச்சு கிடையாது, அப்பாவின் படம் போட்ட அட்டை, அதில் கைபேசியால் பார்க்கும் சதுரக் கட்டம் என்று முடிவு செய்து அச்சுக்குக் கொடுத்தாள். ஆடியில் முதல் இரண்டு லாட்டும் தீர்ந்துபோயின. மூன்றாம் லாட்டுக்குச் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று இரண்டு முறை நினைவுபடுத்தினேன். அட்டை வரட்டும் என்றாள். அட்டை வருவதற்குள் கடிதம் வந்துவிட்டது.

மேற்குச் சுவர்

கடிதத்தைப் படித்ததும் மங்கை எழுந்து கிடங்குக்குப் போனாள். நானும் போனேன்.

நடுப்பகல். தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டது. சணலும் பழைய நெல்லும் கலந்த வாசனைக்குள் இன்னொன்றும் இருந்தது. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பன்னீர்ப் புகையிலை. முதலாளி வெற்றிலையோடு போடுவது.

மூன்றாம் லாட்டில் பத்து மூட்டைகளில் முடிச்சு இருந்தது. செல்லம்மாளுக்குப் போனதையும் சேர்த்தால் பதினொன்று. வரிசையாக அல்ல. இங்கொன்று, மேலே இரண்டு, மூன்றைத் தாண்டி இன்னொன்று. ஒவ்வொரு மூட்டையாகப் பார்த்து, சிலவற்றைத் தாண்டிப் போன ஒருவர் போட்டது போல.

எல்லாம் இடப்பக்கம் புரண்டு படுத்திருந்தன.

மங்கை ஒரு வாலை விரலால் தேய்த்தாள். விரல் நுனி சிவந்தது. மோந்து பார்த்தாள். பிறகு வெளியே போய் வெயிலில் நின்றாள்.

செல்லம்மாளுக்கு மூட்டையை எடுத்துக் கொடுத்தவர் காளியப்பன். முடிச்சுப் போட்டது வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார், இருந்தது, கொடுத்தேன் என்றார். எப்படி வந்தது என்று யோசிக்கவில்லையா என்று கேட்டேன்.

“முதலாளி உசுரோட இருந்தப்பவே நான் முடிச்சப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல சார். இப்பப் போயா கேக்கப் போறேன்?”

மேசை இழுப்பறையில் நூல் உருண்டை இருந்தது. பங்குனியில் வாங்கியது. முதல் இரண்டு லாட்டுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைவிடக் கொஞ்சம் இளைத்திருந்தது. கொஞ்சம்தான்.

பேசாமல் இருப்பது

கிடங்குக்கு இரண்டு சாவி. ஒன்று மங்கையிடம், ஒன்று என்னிடம். காளியப்பன் காலையில் என்னிடம் வாங்கி மாலையில் திருப்பிக் கொடுப்பார்.

“நீங்க போட்டீங்களா, சித்தப்பா?” என்றாள்.

“நீ போட்டியா?” என்றேன்.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு சுட்டுவிரலை மடக்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு நூலில் போட்டுப் பார்த்தோம். அவளுடையது வலப்பக்கம் விழுந்தது. என்னுடையது அவிழ்ந்துபோனது. காளியப்பனுக்கு வெற்றிலைப் பழக்கமே இல்லை. அவர் போட்டது மாட்டைக் கட்டுகிற முடிச்சாக வந்தது.

அப்பாவே ஐந்தாம் நாளன்று, எட்டாம் நாள் வரை பொறுக்காமல், போட்டிருந்தால் என்று மங்கை கேட்டாள். எனக்கும் அந்த எண்ணம் வந்திருந்தது, சொல்லத் துணியவில்லை. இறந்தவர் கிடங்கில் உலவினார் என்பதைவிட, உயிரோடு இருந்தபோது தன் விதியை ஒருமுறை மீறினார் என்பதுதான் எங்கள் இருவரையும் அதிகம் பயமுறுத்தியது. குறிப்பேட்டைத் திறந்து அந்த மாலையின் வரியைக் காட்டினேன். ‘முடிச்சு ஒன்றும் இல்லை.’ அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

வெளியே சம்பா விற்பனை. அந்த ஒரு வாரம்தான் கடைக்கு ஆண்டு. எங்களிடம் இருந்தது மூன்றாம் லாட் மட்டும். எட்டு நாள் பொறுங்கள் என்று சொன்னால் கூட்டம் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போய்விடும். முதலாளி இல்லாத முதல் ஆண்டிலேயே விட்டுப் போகிறவர்கள் திரும்பி வருவார்களா என்பது தெரியாது.

“இத அப்படியே விட்டா என்ன, சித்தப்பா? பத்து மூட்டை. திங்கக்கிழமைக்குள்ள போயிடும். அப்பா போட்டாருன்னு நாம யார்கிட்டயும் சொல்லலையே. பேசாம இருக்கோம், அவ்வளவுதான்.”

“உங்கப்பா முடிச்சுப் போட்டுட்டு என்ன பேசினாரு? பேசாம இருந்தா சரின்னு அர்த்தம்னு அவங்களுக்குப் பழக்கிவிட்டதே இந்தக் கடைதாம்மா.”

அவள் கடிதத்தை மறுபடி எடுத்தாள். விதைக்கலாமா, கூடாதா என்ற வரியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு வண்டிச் சாவியை எடுத்தாள்.

மூட்டையோடு ஒரு வீடு

அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். காவிரியில் தண்ணீர் பழுப்பாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நாற்றங்காலுக்குச் சேறடித்த வயல்கள் இருபுறமும் வெயிலில் கண்ணாடிபோலக் கிடந்தன. அந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். வயல் நிறைய ஆள் இருக்க வேண்டிய பருவத்தில், அன்று கண்ணுக்கு எட்டியவரை ஒருவரும் இல்லை. மூன்றரை மணி. உணவு முடித்துப் படுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செல்லம்மாள் வாசலில் நின்றிருந்தார். வருவோம் என்று நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

“வாங்க. லெட்டர யாரு படிச்சது?”

“நான்தான்க்கா. அவரு மக.”

“அவரு படிக்கலையே?”

முகத்தில் சிரிப்பு இல்லை. பிறகு சட்டென்று சிரித்து, உள்ளே வரச் சொன்னார்.

பல ஆண்டுகள் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர். அந்த ஆண்டுதான் முதன்முறையாகத் தன் பெயரில் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலம் குத்தகைக்குப் பிடித்திருந்தார். இந்தச் சம்பா எழவில்லை என்றால் அடுத்த ஆண்டு நிலம் வேறு ஆளுக்கு என்று நிலத்துக்காரர் முன்பே சொல்லிவிட்டாராம். புதன்கிழமைத் தண்ணீரை விட்டால் அடுத்த முறை எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. இதையெல்லாம் புகார் போலச் சொல்லவில்லை. நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார்.

மூட்டை கூடத்து மூலையில் பலகைமேல் தனியாக நின்றது. அதைச் சுற்றி வீட்டுச் சாமான் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் நகர்த்தியிருந்தார்கள்.

“அதும் பக்கத்துல படுக்க இந்தப் பொண்ணு மாட்டேங்குது,” என்றார், மகளைக் காட்டி. “நானும்தான்.”

மங்கை உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

“அக்கா, எங்கப்பா இந்த லாட்ட முழுசாப் பாக்கல. அஞ்சாம் நாள் போயிட்டாரு. இந்த முடிச்சு யாரு போட்டதுன்னு எங்களுக்குத் தெரியாது. வித நல்லதா இல்லையான்னும் தெரியாது.”

செல்லம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியாதுன்னு சொல்லவா இம்புட்டு தூரம் வந்தீங்க?”

“ஆமாக்கா.”

“அஞ்சாம் நாளு எப்படி இருந்துச்சு?”

நான் பதிவேட்டைக் கொண்டுபோயிருந்தேன். நூறில் பத்துப் பதினைந்து மணி பாக்கி, அவை பிறகு முளைத்திருக்கலாம், முளைக்காமலும் போயிருக்கலாம் என்றேன்.

அவர் சிறிது யோசித்தார். முடிச்சுக் கடைக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு கைப்பிடி கூடச் சோதித்துப் பார்த்ததில்லை, எப்படிக் கட்டுவது என்பதே மறந்துவிட்டிருக்கும் என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். இன்று சனி மாலை. திங்கள் காலைக்குள் தெரிந்துவிடும். நேரம் இருக்கிறது.

மகள் ஒரு பழைய வேட்டித் துண்டை நனைத்து வந்தாள். மூட்டையைப் பிரிக்க வேண்டும். செல்லம்மாள் முடிச்சைத் தொடவில்லை. கருக்கரிவாளை எடுத்து மங்கையிடம் நீட்டினார்.

“நீயே அறு பாப்பா. அறுத்ததயும் நீயே எடுத்துக்கிட்டுப் போயிரு. இங்க வேணாம்.”

மங்கை அறுத்தாள். நூலை என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். திரும்பி வரும் வழி முழுவதும் அந்த இடத்தில் சட்டை ஈரமாக இருப்பது போலத் தோன்றியது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். சட்டை காய்ந்துதான் இருந்தது.

பத்து வெட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை, மங்கை பத்து மூட்டைகளையும் வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னாள். அதற்கு முன், எந்தெந்த மூட்டையில் முடிச்சு இருக்கிறது என்று எண் வாரியாக எழுதிக்கொண்டேன். என்னுடைய பழக்கம், அவ்வளவுதான். காரணம் எதுவும் மனத்தில் இல்லை.

கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொன்றாக வெட்டினாள். முன்னால் நின்ற ஒரு பெரியவர், முதலாளி போட்டதை வெட்டுகிறாயே பாப்பா என்று பதறினார்.

“அவரு போடலைங்க. யாரு போட்டதுன்னு தெரியல. சோதிச்சுட்டுத்தான் தருவோம். எட்டு நாள் கழிச்சு வாங்க.”

பெரும்பாலோர் தெருவைக் கடந்து போனார்கள். எதிர்க்கடையில் அன்று பகலுக்குள் வாளி தீர்ந்துபோனது.

இந்த முறை லாட்டுக்கு ஒரு துணி அல்ல, மூட்டைக்கு ஒரு துணி என்று வைத்தேன். முப்பது துணிகள். செல்லம்மாளின் மூட்டைக்கு மட்டும் அவரிடமிருந்து ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி வந்தேன்.

திங்கள் காலை ஏழு மணிக்கு அவருடைய அழைப்பு வந்தது. மங்கை கைபேசியை நானும் கேட்கும்படி பிடித்தாள்.

“வந்துடுச்சு. ஒண்ணு ரெண்டத் தவிர எல்லாம் வெள்ளையா எட்டிப் பாக்குது. ஊறப்போட்டுட்டேன்.”

மங்கை அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் எதில் உட்கார்ந்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை.

எட்டாம் நாள் முப்பது துணிகளையும் பிரித்தோம். மேற்குச் சுவரின் மேல்மூலையில் கூரை எங்கோ கசிந்திருக்கிறது. ஆனி மழையில் ஈரம் இறங்கியிருக்கிறது. எந்த மூட்டைக்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. துணியில் தெரிந்தது. பத்தொன்பது மூட்டை தேறவில்லை. பதினொன்று தேறின.

ஞாயிற்றுக்கிழமை எழுதிய பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். செல்லம்மாளின் எண்ணையும் சேர்த்துக்கொண்டேன். தேறிய பதினொன்றும் முடிச்சு இருந்த பதினொன்றும் ஒன்றே. ஒன்று கூட மாறவில்லை.

மங்கையிடம் மட்டும் காட்டினேன். அறை முழுவதும் ஊறிய நெல்லின் புளிப்பு வாசனை. அவள் இரண்டு பட்டியலிலும் எண் எண்ணாக விரலை ஓட்டினாள்.

“வெட்டியிருக்க வேணாமோ?”

“வெட்டலன்னா நாம சோதிச்சே இருக்க மாட்டோம். பாக்கிப் பத்தொம்பதும் உன் அட்டையோட போயிருக்கும்.”

பத்தொன்பது மூட்டைகளும் கோழித்தீவனத்துக்குப் போயின, வாசல் வழியாக, பகலில்.

மறுநாள் காலை நான்கு பேர்தான் காத்திருந்தார்கள். முதல் ஆள் மினிபஸ் ஓட்டுநர். செல்லம்மாள் வாய்க்கால் கரையில் எல்லோரிடமும் ஒரே வரியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம்: அந்தப் பொண்ணு வீட்டுக்கே வந்து தெரியாதுன்னு சொல்லிட்டுப் போச்சு. மதியத்துக்குள் பத்து மூட்டையும் போய்விட்டன. முடிச்சு இல்லாமல், பதிவேட்டுப் பக்கத்தின் நகல் ஒன்று தைத்து.

செல்லம்மாளின் நாற்றங்கால் சீராக எழுந்தது. தையில் அறுத்தார். நிலம் இன்றும் அவரிடம்தான் இருக்கிறது. படம் போட்ட அட்டைகள் அச்சாகி வந்தபடியே கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. ஒவ்வொரு பருவமும் பதிவேட்டின் எட்டாம் நாள் பக்கத்து நகல் கடை வாசலில் தொங்குகிறது. முதல் ஆண்டு எல்லோரும் நின்று படித்தார்கள். இப்போது தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். போன ஆவணியில் அதைப் பார்த்தபோது எனக்குப் பழைய முடிச்சு நினைவுக்கு வந்தது. மங்கையிடம் சொன்னேன். கவனிச்சேன் சித்தப்பா என்றாள்.

ஒரு கறை

உறுதி செய்ய முடியாதது ஒன்று உண்டு என்று சொன்னேன்.

எட்டாம் நாள் எண்ணிக்கையை எழுத மூன்றாம் லாட்டின் பழைய பக்கத்தைத் திறந்தேன். அவர் இறந்த அன்று வெறுமையாக விட்ட கட்டம் அது. கட்டத்தின் நடுவில் ஒரு கறை. வெற்றிலைச் சிவப்பில், விரல் நுனி அளவு. ரேகை தெரியவில்லை. முழு விரலின் தடம் போலவும் இல்லை.

அவர் கடைசியாகக் கை வைத்திருந்தது அந்தப் பதிவேட்டின்மேல்தான். அப்போதே பட்டிருக்கலாம். செல்லம்மாள் வீட்டில் அதே பக்கத்தைத்தான் திறந்து காட்டினேன். அப்போது கறை இருந்ததாக எனக்கு நினைவில்லை. மங்கை இருந்தது என்கிறாள். செல்லம்மாள் அன்று தான் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை, எங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறார்.

என் குறிப்பேட்டில் எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது. இந்தக் கறைக்கு மட்டும் இல்லை. அது எந்த நாளில் விழுந்தது என்பதை இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை. எட்டாம் நாள் எண்ணிக்கையை அந்தக் கட்டத்தில் எழுதவில்லை, கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் எழுதினேன்.